எக்ஸ்ரே அக்காவின் காய்ச்சல்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் பெண்கள் வாசலில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே போகிற ஒவ்வொருத்தியின் பையையும் திறந்து பார்க்க வேண்டும், இடுப்பையும் சட்டைக் கையையும் தடவிப் பார்க்க வேண்டும். ஜிப், பட்டன், நூல்கண்டு, சில நேரம் ஒரு முழுச் சட்டையே வெளியே நடந்து போகப் பார்க்கும். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனவர்கள் குறைவு. டிபன் டப்பாவுக்கு அடியில் இன்னொரு தட்டு வைத்து மூடியிருந்ததைக் கண்டுபிடித்தது அவள்தான். கொண்டைக்குள் லேஸைச் சுருட்டி வைத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தே, "தலை வலிக்குதா உனக்கு? அவிழ்த்து விடு, சரியாயிடும்" என்று சொல்லி எடுத்தவளும் அவள்தான். தையல் பிரிவில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவள் யார் என்பதையும் அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள்.

வாசலோடு விட்டுவிட்டு வர வேண்டிய குணம் வீட்டுக்கும் கூடவே வந்தது. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் உடைக்க மாட்டாள். கதவைப் பூட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பாள், நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர், வாய் திறக்காதவர். அவர் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் என்பாள், தாமதமானால் ஏன் தாமதம் என்பாள், சரியான நேரத்துக்கு வந்துவிட்டால், "என்ன இன்னைக்கு இவ்வளவு சரியா?" என்பாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஜாமீன்லதான் வெளியே இருக்கேன்" என்று அவர் மற்ற டிரைவர்களிடம் சொல்வதுண்டு. அதையும் அவள் அறிவாள். பிள்ளைகள் இல்லை. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அவருடைய தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். இவளுக்கு நேர் எதிர். வழியில் பார்க்கிற எல்லோரையும் நம்புவாள், எல்லோரும் அவளிடம் தங்கள் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "உங்க தங்கச்சிக்கு வாயில கதவே இல்லை" என்பாள் இவள். அவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தங்கையிடம் போய் டீ குடித்துவிட்டு வருவார்.

ஒரு மத்தியானம் வாசலில் நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குடல் முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, ஒரு பெரிய பகுதி கறுத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருந்த குடல் தேறும் வரை வாய் வழியாக ஒரு பருக்கையும் கிடையாது. கழுத்தின் வலப்பக்கம் ஒரு மெல்லிய குழாயைப் பெரிய ரத்தக் குழாய்க்குள் செலுத்தி, அதன் வழியாகவே சத்து மருந்து போனது. பால் மாதிரி வெள்ளையாக ஒரு பை தினமும் தலைமாட்டில் தொங்கும். பட்டினி கிடக்கிறவளுக்கு அதைப் பார்ப்பதே ஒரு கடுப்பு.

படுத்துக் கிடக்கிறவளுக்கு வேறு வேலை இல்லை. வருகிற போகிற கைகளைப் பார்த்தாள். பெரிய டாக்டரின் கையில் மோதிரத் தடம் இருந்தது, மோதிரம் இல்லை. தரை துடைக்கிறவள் துடைப்பத்தைத் தொட்ட கையுறையோடு கதவுப் பிடியையும் தொட்டாள். இவளுக்கு மருந்து மாட்டுகிற வேலை பெரும்பாலும் ஒரு இளம் நர்ஸுக்கு. வார்டில் எல்லோரும் அந்தப் பெண்ணைச் சின்ன நர்ஸ் என்றார்கள். வேலையில் சுறுசுறுப்புதான். ஆனால் ஜன்னலோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் குசுகுசுவென்று பேசுவாள். குசுகுசுப்பு என்றாலே எக்ஸ்ரே அக்காவுக்குக் காது நிமிர்ந்துவிடும். ஒரு நாள் அந்த நர்ஸ் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கை கழுவாமல் நேராக வந்து குழாயின் மூடியைத் திறந்ததைப் பார்த்தாள். பார்த்ததை மனதுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள். வாசலிலும் அவள் முதல் தடவையிலேயே பிடிக்கிறவள் இல்லை.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது. ஆபரேஷன் செய்த உடம்பு, வரத்தான் செய்யும் என்று மருந்தை மாற்றினார்கள். அது கேட்கவில்லை என்று இன்னொன்று கொடுத்தார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. இவள் ஒன்றைக் கவனித்தாள். வெள்ளைப் பையை மாட்டி, மருந்து குழாய்க்குள் இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. கட்டில் கம்பி கடகடவென்று அடிக்கிற அளவுக்கு நடுக்கம். பையை நிறுத்தினால் மெதுவாக அடங்கியது. ஒரு நாள் என்றால் தற்செயல். அடுத்தடுத்த நாளும் அப்படியே நடந்தது.

பார்க்க வந்த புருஷனைக் குனியச் சொன்னாள்.

"இந்தப் பையில என்னமோ கலக்கிறாங்க."

"யாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்? மாட்டினா குளிருது, எடுத்தா நிக்குது. மாட்டுறது யாரு? அந்தச் சின்ன நர்ஸு. இல்லேன்னா உங்க தங்கச்சி. முந்தாநாள் போர்வையை இழுத்துவிடுறேன்னு வந்து குழாயைத் தொட்டா, பாத்தேன்."

"அவ எதுக்கும்மா உனக்கு..."

"எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தொட்டான்னுதான் சொல்றேன்."

அவர் வெளியே வந்து தங்கையிடம் மட்டும், கொஞ்ச நாளைக்குக் கட்டில் பக்கம் போகாமல் தள்ளி உட்காரச் சொன்னார். அவள் காரணம் கேட்கவே இல்லை, அண்ணியைத் தெரியாதவளா என்ன. நாற்காலியை வாசற்படிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரியின் மருமகனுக்கு வேலை போன கதையைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை சின்ன நர்ஸ் பையோடு வந்தபோது எக்ஸ்ரே அக்கா கழுத்துக் குழாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கையை எடுங்கம்மா. நேரமாகுது."

"மாட்ட விட மாட்டேன்."

"டாக்டர் எழுதியிருக்காங்க."

"டாக்டரையே வந்து மாட்டச் சொல்லு. நீ போனைத் தொட்ட கையால இதைத் தொட்டதை நான் பாத்தேன். நீ மாட்டினாதான் எனக்குக் குளிருது. பெரிய நர்ஸைக் கூப்பிடு, இதையெல்லாம் அவங்க முன்னாடி சொல்றேன்."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப் போனது. பெரிய நர்ஸ் வந்தாள். புகார், வார்டே கேட்கிற மாதிரி, ஒன்று விடாமல் வைக்கப்பட்டது. அன்று சாயங்காலத்துக்குள் சின்ன நர்ஸை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எக்ஸ்ரே அக்காவுக்கு அரைத் திருப்தி. ஆளோடு சேர்த்துப் பையையும் அப்புறப்படுத்தினால்தான் முழு விசாரணை என்பது அவளுடைய கணக்கு. ஆனால் வேறொரு நர்ஸ், கை கழுவி, புதுக் கையுறை போட்டு, புதுப் பையை மாட்டியபோதும் உடம்பு அதே மாதிரி தூக்கிப் போட்டது. இவளும் கூட்டாளியோ என்று அந்த நடுக்கத்திலும் நினைத்தாள்.

தொற்று நோய்களைப் பார்க்கிற டாக்டரை வரவழைத்தார்கள். ஒல்லியான ஒரு பெண், நரை கலந்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நடுக்கத்தைப் பற்றி இவளிடமே கேட்டாள், இவள் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே சந்தேகமாக இருந்தது. டாக்டர்கள் அவ்வளவு பொறுமையாகக் கேட்டு இவள் பார்த்ததில்லை.

கழுத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம், கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம், கிருமி வளர்கிறதா என்று பார்க்கத் தனித்தனி பாட்டில்களில் எடுக்கச் சொன்னாள்.

"ஒரே உடம்புல ஓடுற ரத்தத்துக்கு எதுக்கு ரெண்டு பாட்டில்?"

"எது முதல்ல வாயைத் திறக்குதுன்னு பாக்கத்தான்மா" என்றாள் டாக்டர்.

இரண்டு பாட்டிலிலும் பூஞ்சை முளைத்தது. கழுத்துக் குழாய் ரத்தத்தில் முதலில் முளைத்தது, கை ரத்தத்தில் வெகுநேரம் கழித்து. டாக்டர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"உங்க ரத்தத்துல ஈஸ்ட் மாதிரி ஒரு பூஞ்சை கலந்திருக்கு. இவ்வளவு நாள் கொடுத்ததெல்லாம் பாக்டீரியாவைக் கொல்ற மருந்து. பூஞ்சை அதுக்கெல்லாம் அசையாது. குழாய் ரத்தத்துலதான் முதல்ல முளைச்சுது, அதனால அது குடியிருக்கிற இடம் இந்தக் குழாய். ஒவ்வொரு தடவை மருந்து ஓட்டும்போதும் அது கொத்தாக் கிளம்பி ரத்தத்துக்குள்ள போகுது. அதனாலதான் குளிர். நீங்க கவனிச்சது சரி."

"பூஞ்சையா? நான் என்ன பழைய ரொட்டியா?"

டாக்டர் சிரித்தாள். "ரொட்டியா இருந்தா தூக்கிப் போட்டிருப்போம். குழாயை இன்னைக்கே எடுத்துடணும். பூஞ்சைக்கான மருந்தையும் சத்து மருந்தையும் கையில சின்ன ஊசி போட்டு ஏத்துவோம்."

இன்றைக்கே என்ற சொல் அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. தடயம் இருக்கிற ஒரே பொருள் இந்தக் குழாய். அதை அவசர அவசரமாக எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டால் யார் கலந்தார்கள் என்று யார் கேட்பது? அதோடு, கையில் நரம்பு கிடைக்காமல் ஊசி குத்திக் குத்தி, கடைசியில்தான் இந்தக் குழாயைப் போட்டார்கள். இதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

"மருந்தை இந்தக் குழாய்லயே ஏத்துங்க. அதுலதானே இருக்கு பூஞ்சை? அங்கேயே சாகட்டும்."

"தண்ணிக் குழாய்க்குள்ள வழுவழுன்னு ஒரு படலம் பிடிக்கும், பாத்திருக்கீங்களா? அந்த மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. மருந்து மேலோடு போயிடும், உள்ள இறங்காது. குழாயை வெச்சுக்கிட்டு மருந்து கொடுத்தா, ரத்தம் சுத்தமாகிற மாதிரி இருந்து திரும்ப வரும். அது கண்ணுக்குப் போகலாம், இதயத்துக்குப் போகலாம்."

அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். எடுக்கிறதை என் கண் முன்னால் எடுக்கணும். எடுத்ததை எனக்குக் காட்டணும். டாக்டர் சரி என்றாள்.

தையலை அறுத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, சரேலென்று உருவினார்கள். கழுத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள் டாக்டர். எக்ஸ்ரே அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நுனியைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள், திருப்பச் சொல்லிப் பார்த்தாள். கடையில் வாங்கின மாதிரி பளிச்சென்று இருந்தது. கறையில்லை, புள்ளியில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"இருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றி அவளுக்கு எந்த அனுபவமும் இல்லை. அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கோபமா, பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

நடுக்கம் நின்றது. ஆனால் காய்ச்சல் முழுதாக விடவில்லை. மறுபடி எடுத்த ரத்தத்திலும் பூஞ்சை முளைத்தது. மருந்து சரிதானா, இல்லை டாக்டர் கைக்கு வந்ததைக் கொடுக்கிறாளா என்று இவள் பார்க்க, டாக்டரும் இவளை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அடுத்தது கண் டாக்டர் என்றார்கள். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

முடியாது என்றதற்கு அவள் யாருக்கும் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. இரண்டு நாளாக இடது கண்ணில் புகை மாதிரி ஒரு திட்டு மிதந்தது. எதிரே இருக்கிற சுவர்க் கடிகாரத்தில் முள்ளை அந்தக் கண்ணால் பார்த்தால் நடுவில் கலங்கியது. சொன்னால் இங்கேயே வைத்துக்கொள்வார்கள், கண்ணிலும் எதையாவது குத்துவார்கள். அதைவிட, வாசலில் நிற்கிறவளுக்குக் கண் போச்சு என்று தொழிற்சாலைக்குத் தெரிந்தால்? ஆயுசு முழுக்க அடுத்தவர்கள் ஒளித்து வைத்ததை எடுத்தவள், போர்வைக்குள் படுத்துக்கொண்டு தன் கண்ணை ஒளித்து வைத்தாள்.

வேன் டிரைவர் அன்று பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார்.

"நீ வாசல்ல ஒருத்தியைச் சோதிக்கிறப்போ பையை மட்டும் பாத்துட்டு விட்டுடுவியா?"

"அது எப்படி? பையில எவ வைப்பா? செருப்பு, கொண்டை, டப்பா, எல்லாந்தான் பாக்கணும்."

"பையில கிடைச்சுட்டா?"

"கிடைச்சா இன்னும் நல்லா பாப்பேன். ஒண்ணு எடுத்தவ ஒண்ணோட நிறுத்த மாட்டா."

"அப்புறம் அந்த டாக்டரம்மா மட்டும் ரத்தத்தைப் பாத்தாப் போதும்னு விட்டுடணுமா?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த மனுஷன் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்கிற பார்வை. பிறகு, "இடது கண்ணு" என்றாள். "சரியாத் தெரியலை."

கண் டாக்டர் சொட்டு விட்டு, விழித்திரையில் பளீரென்று வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். இடது கண்ணின் உள்ளே, பஞ்சைக் கிள்ளி ஒட்டின மாதிரி ஒரு சின்ன வெள்ளைத் திட்டு இருந்தது. பூஞ்சை அங்கே வரை போயிருந்தது. முதலில் கொடுத்த மருந்து ரத்தத்துக்கு நல்லது, ஆனால் கண்ணுக்குள் போதிய அளவு நுழையாது. பரிசோதனைக் கூடத்திலிருந்து எந்த வகைப் பூஞ்சை, எந்த மருந்துக்குப் பணியும் என்ற விவரம் வந்திருந்தது. கண்ணுக்குள் போகிற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் எடுத்த ரத்தம் சுத்தமாக வந்தது. சுத்தமான அந்த நாளிலிருந்துதான் மருந்தின் கணக்கே தொடங்கும், கண்ணில் திட்டு இருப்பதால் வாரக்கணக்கில் நீளும் என்றாள் தொற்று நோய் டாக்டர்.

காய்ச்சல் விட்டதும் அவளுக்குப் பழைய தெம்பு வந்தது.

"யாருன்னு தெரிஞ்சுதா டாக்டர்?"

"எது யாரு?"

"பூஞ்சையைக் கொண்டு வந்தது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க வாயிலயும் மலத்துலயும் எடுத்துப் பாத்தோம். அதே வகை இருக்கு. இது நிறைய பேர் உடம்புல சும்மா இருக்கிறதுதான்மா. குடலை வெட்டினதால, நிறைய மருந்து கொடுத்து மத்த கிருமியெல்லாம் செத்ததால, அதுக்கு இடம் காலியாச்சு. அங்கேயிருந்து ரத்தத்துக்கு வந்து, குழாய் நுனியில ஒட்டியிருக்கலாம்."

"அப்போ என் உடம்புல இருந்தே வந்துச்சுங்கிறீங்க."

"பெரும்பாலும்."

"நான் பாத்தது? போனைத் தொட்ட கை?"

"அது தப்பு. தப்புன்னு அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லியாச்சு. அவ கையில இருந்தும் பஞ்சுல துடைச்சு எடுத்துப் பாத்தோம், ஒண்ணும் வளரலை. அதுக்காக அன்னைக்கும் ஒண்ணும் இருந்திருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அவதான் காரணம்னும் சொல்ல முடியாது."

இப்படி வழவழவென்று ஒரு தீர்ப்பை அவள் கேட்டதே இல்லை. வாசலில் என்றால் சரக்கு பையில் இருக்கும், அல்லது இருக்காது.

அந்த வாரம் வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுக்கத் தொடங்கினார்கள். நாத்தனாரே கரண்டியால் ஊட்டினாள், நாற்காலி எப்போது கட்டிலோரம் நகர்ந்தது என்று யாரும் பேசவில்லை. ஊட்டிக்கொண்டே அவள் சொன்னாள், "அண்ணி, அந்தச் சின்ன நர்ஸ் இருந்துச்சே, அது போன்ல பேசுறது குழந்தைகிட்டயாம். பக்கத்து வீட்டுல விட்டுட்டு வருதாம். சாப்பிட்டியா, அழாம இருன்னு சொல்லுமாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"அதுவேதான். நான் கேக்கவே இல்லை."

எக்ஸ்ரே அக்கா வாயை மூடிக்கொண்டாள். கஞ்சி ஆறுகிற வரைக்கும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாள், மாத்திரை தொடர்ந்தது. உடம்பு பாதியாக இளைத்திருந்தது, ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது, சிறுகச் சிறுக நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். கண்ணைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். திட்டு சுருங்கி, ஒரு தழும்பாக மிஞ்சியது, பார்வை ஏறக்குறைய திரும்பியது. மருந்தை நிறுத்தலாம் என்று சொன்ன நாளில், பழைய வார்டுக்குப் போய்ச் சின்ன நர்ஸ் எங்கே என்று கேட்டாள்.

பெரிய நர்ஸ், "அதுக்கு வேற நல்ல வேலை கிடைச்சுது, போயிடுச்சு" என்றாள். தரை துடைக்கிறவளைக் கேட்டால், "குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு நின்னுட்டா" என்றாள். ஒரே கேள்விக்கு இரண்டு பதில். எக்ஸ்ரே அக்கா படியிறங்கி வேன் வரைக்கும் வந்தாள். கதவைத் திறந்தவள் ஏறவில்லை.

"என்ன?" என்றார் அவர்.

"பொய் சொல்றாங்க. ஒருத்தி சொல்றாளா, ரெண்டு பேருமா, தெரியலை. கொஞ்சம் இருங்க."

திரும்பிப் போய்த் தொற்று நோய் டாக்டரைப் பிடித்தாள். அந்த டாக்டர் மழுப்பவில்லை. புகார் வந்ததிலிருந்து மற்றவர்கள் அந்தப் பெண்ணோடு சேர்ந்து நிற்கக்கூடத் தயங்கினார்கள் என்றும், அவளே வேறு இடம் கேட்டு நகரத்தின் மறுமுனையில் உள்ள ஒரு டயாலிசிஸ் கிளினிக்கில் சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னாள்.

வேன் அங்கே போனது. கிளினிக்கின் வரவேற்பு அறையில் காத்திருந்தபோது, உள்ளே இருந்து வந்த சின்ன நர்ஸ் இவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கண் முதலில் இவள் கழுத்துக்குப் போனது, பிறகு கைப்பைக்கு.

"மறுபடி காய்ச்சலா?"

"இல்லை. நல்லாயிட்டேன்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க? இங்க யார்கிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. உன்கிட்டதான் சொல்ல வந்தேன்."

அந்தப் பெண் காத்திருந்தாள். முகத்தில் ஒரு துளி நம்பிக்கை இல்லை. வாசலில் தன் முன்னால் பையைத் திறந்துகொண்டு நிற்கிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்பது எக்ஸ்ரே அக்காவுக்கு நன்றாகத் தெரியும். 

"நான் சொன்னது தப்பா இருக்கலாம்" என்றாள்.

"இருக்கலாமா?"

"இருக்கலாம். நீ போனைத் தொட்டது நிஜம். ஆனா அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொன்னேன்ல, வார்டே கேக்குற மாதிரி. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

 உள்ளே ஒரு மிஷின் விட்டுவிட்டுக் கூவியது.

"குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டாள் எக்ஸ்ரே அக்கா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தக் குரலில் மறுபடியும் கதவு சாத்துகிற சத்தம். பிறகு, "நல்லா இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்த்தாள். இவள் பார்க்கிறாள் என்பதற்காகவா, எப்போதுமே அப்படித்தானா என்று தெரியவில்லை. கையை உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டார், "என்ன சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

"ஒண்ணும் சொல்லலை. கையைக் கழுவிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டா."

அவர் வண்டியைக் கிளப்பினார்.